யூதக் கோயிலில் எம்.பி.க்குக் குடை பிடித்த கதை

போன கிழமை குகன் தொலைபேசியில் அழைத்தான். நான் ஓய்வுபெற்றபோது ரொறொன்ரோவில் ஒரு யூதக் கோயிலின் கதவுகளைப் பூட்டித் திறக்கும் திறப்புக்கோர்வையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டவன். இப்போது அங்கே அவன்தான் பராமரிப்பாளர்.

“அண்ணை, சனிக்கிழமை ஒரு மந்திரி வாறாராம். நான் என்ன செய்யவேணும்?”

“சப்பாத்தைத் துடைச்சுப் போடு. அவர் கதைக்கேக்கை கொட்டாவி விடாதை.”

“பகிடி விடாதேங்கோ அண்ணை. அவையிட்டை ஏதும் முறை இருக்கோ எண்டு கேக்கிறன்.”

முறை இருக்கிறது. தொலைபேசியில் சொல்லி முடிக்கிற முறை இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ஏழாம் வகுப்பை விட்டுப் பிரிய மனமில்லாமல் அதை இரண்டு தரம் படித்தேன். ஆகவே எழுத்துப் பிழை கண்டால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். பொருளில் பிழை கண்டால் மிஸ்ரர் ஹெர்ஷைத்தான் கேட்கவேண்டும். அவர் மேலே போய்விட்டார். அங்கேயும் யாருக்கோ கதிரை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருப்பார்.

கனடாவுக்கு வந்த முதல் வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கினேன்; நாரி பிடித்து இடுப்பு நிமிராமல் போனதும் அவர்கள் என்னையே தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். அப்போது வெக்ஸ்போர்ட்டில் என்னோடு ஒரே பேஸ்மென்ற்றில் இருந்த நண்பன்தான் சொன்னான், ஒரு யூதக் கோயிலில் துப்புரவு வேலைக்கு ஆள் தேடுகிறார்கள், படுக்க அறையும் தருவார்கள் என்று. அறை கொதிகலனுக்குப் பக்கத்தில் இருந்தது. கனடாவில் குளிர் என்றால் என்னவென்று நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வேலை தந்தவர் மிஸ்ரர் ஹெர்ஷ். குருவானவரை அங்கே றபாய் என்பார்கள். ஹெர்ஷ் றபாய் இல்லை. எங்கள் கோயில்களில் மணியகாரர் இருப்பாரே, அந்த மாதிரி. கதவு, கதிரை, விளக்கு, யார் எங்கே இருப்பது, யார் எப்போது எழும்புவது எல்லாம் அவர் பொறுப்பு. போலந்தில் பிறந்தவர். ஒல்லி, கறுப்புத் தொப்பி, கோடையிலும் கோட். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிழை செய்தால் பக்கத்தில் வந்து நின்று அந்தப் பிழையை என்னோடு சேர்ந்து பார்ப்பார். அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திராது. அவர் ஒரு மாதிரி ஆங்கிலம் பேசுவார், நான் வேறு மாதிரி ஆங்கிலம் பேசுவேன். இடையில் எங்கேயோ சந்தித்துக்கொள்வோம். அவர் பேசியதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

முதல் நாளே குழப்பம். எங்கள் கோயிலில் மரியாதைக்குச் சட்டையைக் கழற்றுவோம். அங்கே மரியாதைக்குத் தலையை மூடவேண்டும். நான் சட்டைப் பொத்தானில் கைவைத்ததைக் கண்டு மிஸ்ரர் ஹெர்ஷ் அவசரமாக ஒரு சின்னத் தொப்பியை என் தலையில் வைத்தார். “இது காணும். சட்டை இருக்கட்டும்,” என்றார்.

பெரிய பாடம் சனிக்கிழமை. வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி இருட்டும்வரை அவர்கள் நெருப்பு மூட்டமாட்டார்கள், சுவிச் போடமாட்டார்கள், கார் ஓடமாட்டார்கள். குடைகூட விரிக்கமாட்டார்கள், அது கூடாரம் அடிப்பதற்குச் சமமாம். இன்னொருவனைச் செய்யச் சொல்லவும் கூடாது. ஆகவே சனிக்கிழமையில் மிஸ்ரர் ஹெர்ஷ் எனக்கு ஒரு கட்டளையும் இடமாட்டார். இருட்டுப் படிக்கட்டில் நின்று, “இஞ்சை ஆரும் விழக்கூடும்,” என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். நான் போய் லைற் போடுவேன். ஆரம்பத்தில் எனக்கு விளங்கவில்லை. அவர் சுவரோடு கதைக்கிறார், பாவம், வயது போய்விட்டது என்று இரங்கினேன்.

அரசியல் ஆள் ஒருவர் வந்தால் அவர்கள் எப்படி நடத்துவார்கள் என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு தேங்காயால்.

நகரசபை உறுப்பினர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை புதிய வாசிகசாலை அறையைத் திறக்க வந்தார். வரவேற்பை நன்றாகச் செய்யவேண்டும் என்று மிஸ்ரர் ஹெர்ஷ் சொல்லியிருந்தார். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே கலை. விடியவே தமிழ்க் கடைக்குப் போய் மாவிலை, தேங்காய், ஒரு கார்னேசன் மாலை எல்லாம் வாங்கிவந்து, யூதக் கோயில் வாசலில் நிறைகுடம் வைத்தேன். வாழையிலை கிடைக்காததால் அலுமினியத் தாள் விரித்தேன். தூரத்தில் நின்று பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

மிஸ்ரர் ஹெர்ஷ் வந்து பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் தேங்காயைப் பார்த்தோம்.

“இதை ஆர் சாப்பிடப் போறது?”

“சாப்பிடுறதுக்கில்லை. மரியாதைக்கு.”

“மாலை?”

“அவரின்ரை கழுத்திலை போடுறதுக்கு.”

அவர் மாலையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். “சிவா, நாங்கள் அவருக்கு மாலை போட்டால், தான் திருப்பி எங்களுக்கு என்ன போடவேணும் எண்டு அவர் யோசிப்பார். அவருக்கு அந்தக் கரைச்சலைக் குடுக்கப்படாது.”

நிறைகுடம் கொதிகலன் அறைக்குப் போனது. மாலையை நான் என் சாமிப்படத்துக்குப் போட்டேன். பிறகு அவர் தன் முறையைச் சொல்லித்தந்தார். தலைவர் ஒருவர் வந்தால் வாசலுக்குள் நின்று வரவேற்கக்கூடாது. வெளியே இறங்கி, முதல் படிக்குக் கீழே நிற்கவேண்டும். அவர் கதவைத் தொடக்கூடாது. பேரைச் சொல்லாமல் பதவியைச் சொல்லிக் கூப்பிடவேண்டும். அவர் உள்ளே வரும்போது எல்லோரும் எழும்பவேண்டும், அவர் இருந்தபிறகுதான் இருக்கவேண்டும். போகும்போது வழியனுப்ப அவரோடு கொஞ்சத் தூரம் நடக்கவேண்டும். முதுகைக் காட்டக்கூடாது. புகழவும் கூடாது, இல்லாததைச் சொல்லிப் புகழ்வது அவர்களிடம் பெரிய பாவம். கடைசியாக ஒன்று: கோயிலுக்குள் வந்த தலைவரிடம் ஒருவரும் தனக்கென்று ஒன்றும் கேட்கக்கூடாது. இந்தக் கடைசி விதி வேத விதியா மிஸ்ரர் ஹெர்ஷின் சொந்த விதியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டுக்கும் அங்கே பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

ஒவ்வொரு சனியும் தொழுகையின் நடுவில் எல்லோரும் எழும்பி நின்று அரசியாருக்காகவும் பிரதமருக்காகவும் அரசாங்கத்துக்காகவும் பிரார்த்திப்பார்கள். பின்கதவடியில் நின்று அதைக் கேட்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஒருநாள் கேட்டேன்.

“அரசாங்கத்துக்கு என்னத்துக்குப் பிரார்த்தனை? அவை நல்லாத்தானே இருக்கினம்.”

“அரசாங்கத்திலை பயம் இல்லாட்டி ஆளை ஆள் உயிரோடை விழுங்கிப்போடும் எண்டு எங்கட பழைய ஆக்கள் சொல்லியிருக்கினம்.”

“எங்கட நாட்டிலை எங்களை விழுங்கினதே அரசாங்கம்தான்.”

அவர் மேசைத்துணியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்தார். “எங்களையும்தான்,” என்றார். துணியை அலுமாரியில் வைத்துவிட்டு, “அதுதான் பிரார்த்திக்கிறம்,” என்றார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

என் மனைவி சறோஜினி அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தாள். நான் அகதியாக ஏற்கப்பட்டு அவளைக் கூப்பிட விண்ணப்பம் எழுதிக்கொடுத்திருந்தேன். அது தூதரகத்தில் எங்கேயோ படுத்துக் கிடந்தது. கொழும்பில் எங்கே குண்டு வெடித்தாலும் பொலிஸ் லொட்ஜுகளைச் சுற்றிவளைக்கும். ஒருமுறை அவளையும் கொண்டுபோய்த் தடுத்துவைத்திருந்துவிட்டு வெளியே விட்டார்கள். அதன் பிறகு தொலைபேசியில் அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“வரலாமோ, ஏலாதோ? அதை மட்டும் சொல்லுங்கோ. ஏலாதெண்டால் நான் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போறன். சாகிறதெண்டால் தெரிஞ்ச இடத்திலை சாகலாம்.”

“கொஞ்சம் பொறும்.”

“இந்தக் கொஞ்சம் எவ்வளவப்பா?”

கோயில் இருந்த தொகுதியின் எம்.பி. அலுவலகத்துக்குப் போனேன். முன்மேசையில் இருந்த பெண், அவர் இப்படியான விஷயங்களில் தலையிடுவதில்லை என்றாள். ஏன் என்பது அந்த வாரப் பத்திரிகையில் இருந்தது. பொய் சொல்லி நாட்டுக்குள் வந்தவர்கள் இப்போது குடும்பத்தையும் கூப்பிடுகிறார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். நண்பன் வாசித்துக் காட்டினான். படமும் போட்டிருந்தார்கள். நல்ல பல்வரிசை.

அடுத்த வியாழன் மிஸ்ரர் ஹெர்ஷ் வந்து சொன்னார், கோயிலின் ஆண்டு நிறைவுக்கு சனிக்கிழமை எம்.பி. வருகிறார் என்று.

“எனக்கு அந்தாளிட்டை ஒரு விஷயம் கேக்கவேணும்,” என்றேன்.

“‘அந்தாள்’ இல்லை. ‘மெம்பர்.’ கோயிலுக்குள்ளை கேக்கேலாது.”

“காலிலை விழுந்து கேக்கிறன்.”

“அது இன்னும் மோசம்.”

“எங்கட ஊரிலை அப்பிடித்தான்.”

“விழுந்த ஆக்களுக்கு ஏதும் கிடைச்சதோ?”

யோசித்தேன். “மண் ஒட்டினது,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் சறோவின் கதையைச் சொன்னேன். பத்திரிகையில் வந்ததையும் சொன்னேன். அவருக்கு அது முதலே தெரிந்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது.

“என்னைக் கள்ளன் எண்டு சொன்ன ஆளுக்கு நான் கதவு திறக்கவேணுமோ? நீங்கள் எல்லாரும் எழும்பி நிப்பியள்?”

“நிப்பம்.”

“ஏன்?”

அவர் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். வேலைநேரத்தில் அவர் உட்கார்ந்து நான் கண்டது அன்றைக்குத்தான். யூதர்களை அடிமையாக வைத்திருந்த எகிப்து அரசனிடம் மோசே என்பவரை அனுப்பியபோது, அவ்வளவு கொடுமை செய்த அரசனோடும் மரியாதையாகத்தான் கதைக்கவேண்டும் என்று கடவுள் சொன்னாராம். “மரியாதையாக் கதைச்சவர். ஆனால் ஒண்டையும் விடேல்லை, எல்லாத்தையும் முகத்துக்கு நேரை சொன்னவர்.” பிறகு எலியா என்று ஒரு தீர்க்கதரிசி. அவருடைய அரசன் மகா கெட்டவன். அவர்கள் இரண்டு பேருக்கும் சண்டை. ஆனால் பஞ்சம் முடிந்து பெருமழை வந்த நாளில், அந்த அரசனின் தேருக்கு முன்னால் எலியா ஓடினாராம், அரசன் தனியே போகக்கூடாது என்று.

“மழைக்குள்ளை என்னத்துக்கு ஓடினவர்? குடை பிடிக்கவோ?”

“உனக்கு எல்லாம் பகிடி,” என்றார். எழும்பினார். “கதவை நான் திறக்கிறன். நீ பக்கத்திலை நிண்டால் காணும்.”

சனிக்கிழமை விடியவே வானம் மூடிக் கிடந்தது. எம்.பி. வந்தார், உதவியாளரும் இல்லாமல் தனியே. அன்று கோயில் வளவுக்குள் ஒருவரும் கார் கொண்டுவருவதில்லை என்று அறிந்து, தன் காரை அடுத்த தெரு மூலையில் விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. வெறுக்க நினைத்த ஆள் பண்பாக நடந்தால் எரிச்சல் வரும்.

மிஸ்ரர் ஹெர்ஷ் முதல் படிக்குக் கீழே நின்றார். கதவைத் திறந்தார். உள்ளே இருந்த எல்லோரும் எழும்பினார்கள். நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் எனக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை. அரசாங்கத்துக்கான பிரார்த்தனை வந்தபோது மிஸ்ரர் ஹெர்ஷின் குரல் வழக்கத்தைவிடத் தெளிவாகக் கேட்டது. தொழுகை முடிந்து ஹெரிங் மீனும் கேக்கும் வைத்த மண்டபத்தில் கோயில் நிர்வாகசபைத் தலைவர் எம்.பி.யின் கையைப் பிடித்தவர் விடவில்லை. நான் தட்டு எடுக்கும் சாட்டில் மூன்று தரம் பக்கத்தால் போனேன். சறோவின் பேர் தொண்டைவரை வந்தது. ஒவ்வொரு தரமும் மிஸ்ரர் ஹெர்ஷ் என்னைப் பார்த்தார். ஒவ்வொரு தரமும் நான் வெறும் தட்டோடு குசினிக்குப் போனேன்.

எம்.பி. புறப்படும்போது மழை கொட்டியது. தலைவரும் மற்றவர்களும் கூரைக்குக் கீழே நின்று கைகாட்டினார்கள். அவரிடம் குடை இல்லை. மற்றவர்கள் குடை கொண்டுவரமாட்டார்கள். மிஸ்ரர் ஹெர்ஷ் மட்டும் தொப்பியோடு மழைக்குள் இறங்கினார். இறங்கி, வானத்தைப் பார்த்துச் சொன்னார்:

“நல்ல மழை. எங்கட விருந்தாளி நனையிறார்.”

கொதிகலன் அறைக்கு ஓடி என் குடையை எடுத்துக்கொண்டு வந்தேன். எம்.பி. ஆறடிக்கு மேல். நான் அந்தக் கணக்கில் பிறக்கவில்லை. கையை உயர்த்திப் பிடித்தும் குடைக்கம்பி அவர் காதில் இடித்தது. “சொறி சேர்,” என்றேன். மிஸ்ரர் ஹெர்ஷையும் உள்ளே எடுக்கக் குடையைச் சரித்தேன். அவர் ஓர் அடி விலகினார். மறுபடி சரித்தேன். மறுபடி விலகினார். சனிக்கிழமை விரித்த குடையின் கீழ் அவர் வரமாட்டார். ஆக, நானும் எம்.பி.யும் குடைக்குள், அவர் வெளியே, பக்கத்தில், மழையில்.

வளவு வாசல் தாண்டித் தெருவுக்கு வந்ததும் அவர் பேசத் தொடங்கினார்.

“மெம்பர், இவ்வளவு நேரமும் நீங்கள் எங்கட விருந்தாளி. இது தெரு. இனி நான் கதைக்கலாம்.”

“சொல்லுங்கள்,” என்றார் எம்.பி.

“பொய் சொல்லி வந்த ஆக்கள் எண்டு பேப்பரிலை சொன்னியள். நானும் பொய் சொல்லித்தான் வந்தனான். ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்ச பிறகு கனடா யூத அநாதைப் பிள்ளையளை எடுத்தது. பதினெட்டு வயதுக்குக் கீழை எண்டால்தான் எடுப்பினம். எனக்கு இருபது. பதினேழு எண்டு சொன்னனான்.” தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் வடிந்தது. அவர் துடைக்கவில்லை. “என்னைத் திருப்பி அனுப்பவேணும் எண்டால் அது உங்கட உரிமை. இப்பவே உங்கட காரிலை ஏறுவன். ஆனால் இண்டைக்குச் சனிக்கிழமை, ஏறேலாது. நாளைக்கு வாறன்.”

எம்.பி. நின்றுவிட்டார். நானும் நின்றேன், குடை என்னிடம் அல்லவா இருந்தது. மிஸ்ரர் ஹெர்ஷின் குரலில் ஒரு சொட்டுக் கோபமும் இருக்கவில்லை. ஆண்டு நிறைவுக்கு வந்ததற்கு நன்றி சொல்கிற அதே குரல். ஆனால் கையில் இருந்த ஒரே ஒரு பாதுகாப்பை எடுத்து அந்த மனிதரின் முன்னால் வைத்துவிட்டார் என்பது ஏழாம் வகுப்பை இரண்டு தரம் படித்தவனுக்கும் விளங்கியது.

“இவர் சிவா,” என்றார் மிஸ்ரர் ஹெர்ஷ். “மிச்சத்தை இவர் சொல்லுவார்.”

பிறகு தொப்பியைத் தொட்டு, முதுகைத் திருப்பாமல், பின்னுக்குப் பின்னுக்கு நடந்து போனார், அந்த மழையில், அந்த வயதில். ஓரிடத்தில் நடைபாதை விளிம்பில் தடக்குப்பட்டார். அப்போதும் திரும்பவில்லை.

இரண்டு வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த ஆங்கிலம் முழுவதும் எனக்கு மறந்துபோனது. “சேர், மை வைஃப். கொழும்பு. பொலிஸ்,” என்றேன். பிறகு, “ஐ நோ லை,” என்றேன். பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை.

அவர் என்னைப் பார்க்கக் குனிந்தார். “உங்கள் மனைவியின் பெயர்?” என்றார்.

“சறோஜினிதேவி சிவபாதம்.”

சொல்லிப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு தரம் கேட்டார். கார் பக்கத்தில் நின்று, கதவைத் திறக்காமல், அந்தப் பேர் சரியாக வரும்வரை சொல்லிப் பார்த்தார். சரியாக வந்ததும், “பார்க்கிறேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினார்.

நான் திரும்பி வந்தபோது மிஸ்ரர் ஹெர்ஷ் மண்டபத்தில் நனைந்த கோட்டோடு கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் அடுக்கினேன்.

சறோ அடுத்த கோடைக்கு வந்து சேர்ந்தாள். எம்.பி. ஏதும் செய்ததால் வந்தாளா, தூதரகத்தில் படுத்துக் கிடந்தது தானாக எழும்பியதா, எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. விமான நிலையத்தில் அவள் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வசனம், “என்னப்பா இப்பிடிக் கறுத்துப்போனியள், இஞ்சை வெயிலே இல்லையெண்டினம்?” கொதிகலன் அறை என்று சொன்னேன். பிறகுதான் இரண்டு பேரும் அழுதோம்.

மிஸ்ரர் ஹெர்ஷை யாரும் திருப்பி அனுப்பவில்லை. தன் எழுபதாவது பிறந்தநாளில் அவரே எல்லோர் முன்னாலும் எழும்பி, கனடாவின் கணக்கில் தனக்கு இன்றைக்கு அறுபத்தேழு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதனால்தான் இதை நான் எழுதலாம்.

அந்த எம்.பி. அடுத்த தேர்தலில் தோற்றுப்போனார். சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை தனியே வந்தார். யாரும் அழைக்கவில்லை. ஏன் வந்தார் என்று தெரியாது. போக இடமில்லாத சனிக்கிழமைகள் சிலருக்கு உண்டு. முதல் படிக்குக் கீழே ஒருவரும் நிற்கவில்லை. கதவை அவரே திறந்துகொண்டு உள்ளே வந்து பின்பக்கத்தில் தயங்கினார். முன்பு கையை விடாமல் பிடித்த தலைவர் புத்தகத்தை ஆழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மிஸ்ரர் ஹெர்ஷைப் பார்த்தேன். அவர் எழும்பவில்லை. அந்த மரியாதை பதவிக்கு உரியது; பதவி இப்போது வேறு ஆளிடம். அந்த விஷயத்தில் அவர் தளரமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் தன் நீள வாங்கில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பிரார்த்தனைப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், பக்கத்து இடம் வெறுமையாகும்படி. அந்த மனிதர் வந்து அதில் உட்கார்ந்தார். அரசாங்கத்துக்கான பிரார்த்தனை வந்தபோது இரண்டு பேரும் ஒன்றாக எழும்பி நின்றார்கள், அவரைத் தோற்கடித்த அரசாங்கத்துக்காக.

வெளியே வரும்போது மறுபடி மழை. மிஸ்ரர் ஹெர்ஷ் வானத்தைப் பார்க்க முதலே நான் குடையை விரித்துவிட்டேன்.

ஆகவே குகன், நீ கேட்டதற்கு மறுமொழி இதுதான். படிக்குக் கீழே இறங்கி நில். பேரைச் சொல்லிக் கூப்பிடாதே. தேங்காய் வாங்காதே. குடையை வெள்ளிக்கிழமையே கதவுக்குப் பின்னால் வைத்துவிடு, பெரிய குடையாகப் பார். சனிக்கிழமை உன்னிடம் ஒருவரும் கேட்கமாட்டார்கள். வந்தவர் மந்திரியோ, போன தேர்தலில் தோற்றவரோ, மழை பெய்தால் நீயே விரி.